கலைவாணனுக்கு நான் பிடித்துக்கொடுத்த மேனேஜர்

என் வீட்டுக்காரர் கலைவாணன் எழுதிப் பிழைப்பவர். இப்படிச் சொன்னதும் "எந்தப் பத்திரிகையில?" என்று கேட்பார்கள். எந்தப் பத்திரிகையிலும் இல்லை. நாவலூரில் ஒரு கம்பெனி தொழிற்சாலைகளுக்காகப் பாதுகாப்பு வீடியோ எடுக்கிறது. அதில் கனத்த குரலில் ஒருவர் "தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வராதீர்கள்" என்பாரே, அந்த வாசகம் இவருடையது. இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்க்கை நேரத்தில் அச்சடிக்கும் பளபளப்புப் புத்தகத்தில் "ஒளிமயமான எதிர்காலம்" என்று வருவதும் இவர் கைங்கரியம்தான். ஜவுளிக்கடை, பல் ஆஸ்பத்திரி, மனைப்பிரிவு என்று யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். மாதச் சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. படூரில் நாங்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனில் ஜன்னலோரம் ஒரு மேஜை இருக்கிறது, அதுதான் எல்லாம்.

நான் ஜாக்குலின். மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருக்கிறேன். திருப்போரூர் வழியாகப் பஸ்ஸில் போய் வருகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சட்டென்று வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கலைவாணனைப் போன்றவர்களுக்குக் கோடைதான் எமன். கல்லூரிப் புத்தக வேலையெல்லாம் மார்ச்சோடு முடிந்துவிடும். வீடியோ கம்பெனியில் இவருக்கு வேலை கொடுக்கிற பெண், தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடுவாள். மெயில் போட்டால் "நான் விடுப்பில் இருக்கிறேன்" என்று கம்ப்யூட்டரே பதில் சொல்லும். மற்றவர்களைக் கேட்டால் "ஜூன் ஆகட்டும் சார், பாக்கலாம்" என்பார்கள். எல்லோரும் ஒன்றாகக் கூடிப் பேசிவைத்துக்கொண்டதைப் போல அதே வார்த்தை.

அந்த நாட்களில் கலைவாணனைப் பார்க்க வேண்டும். போன் வருகிறதா என்று எடுத்துப் பார்ப்பார். வராது. போனில்தான் கோளாறு என்று அணைத்துவிட்டு மறுபடி போடுவார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஜாக்கு, எனக்கு ஒரு ரிங் குடு, சத்தம் வருதான்னு பாக்கலாம்" என்பார். சத்தம் நன்றாகவே வரும். அதில் அவருக்கு இன்னும் வருத்தம். ஒரு கோடையில் தினசரி எழுதுவதற்கு டைம்டேபிள் போடப் போகிறேன் என்று கலர் பேனாவெல்லாம் வாங்கி வந்தார். டைம்டேபிளை அழகாக எழுதி முடித்ததும் களைப்பு வந்து படுத்துவிட்டார். இன்னொரு கோடையில் லவ் பேர்ட்ஸ் வளர்த்தார். பறவைகள் எழுதவிடாமல் கத்துகின்றன என்று அவற்றின் மேல் பழியைப் போட்டார். நானும் திட்டுவேன், சிரிப்பேன். ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறந்தால் போன் வர ஆரம்பிக்கும், எல்லாம் சரியாகிவிடும்.

போன கோடை அப்படி இல்லை. எங்கள் பெண் ஷாரோன் லீவுக்குச் செங்கல்பட்டில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீடு அமைதியாகக் கிடந்தது. பழிபோட ஒரு பறவைகூட இல்லை. கலைவாணன் மேஜைக்கு முன்னால் உட்கார்வதையே விட்டுவிட்டார். ஸ்க்ரூ, ஆணியெல்லாம் அளவு வாரியாகப் பிரித்து ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு வைத்தார். மத்தியானம் படுத்தால் விளக்கு வைக்கும்போதுதான் எழுந்திருப்பார். ஷேவ் செய்வது நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் தாவீது ஒரு வேலையோடு வந்தான். அவன் நாவலூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மேற்பார்வை வேலையில் இருக்கிறான். அங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். லிஃப்ட் ஓடுகிறதா, தண்ணி லாரி வந்ததா, செக்யூரிட்டி தூங்குகிறானா என்று பார்க்க வேண்டும். மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு.

"மச்சான், யோசிக்காத. மாசம் பொறந்தா டப்பு வந்துடும். இத்த வுட்டா அப்புறம் கெடைக்காது. மே முடியறதுக்குள்ள சொல்லிடு" என்றான் தாவீது.

"சொல்றேன் மச்சான்" என்றார் கலைவாணன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. போன் வராத கோடைகளெல்லாம் ஒரேயடியாக ஒழிந்ததே என்று இருந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து நான் வேலை முடிந்து வந்தபோது, கலைவாணன் மேஜை மேல் இருந்த புத்தகங்களை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்ற?"

"மேஜைய கீழ்வூட்டுக்காரங்க கேட்டாங்க, அவங்க பொண்ணு படிக்கறதுக்கு. வேலைக்குப் போயிட்டா எனக்கு இது எதுக்கு?"

"ஏன், வேலைக்குப் போனா எழுதக் கூடாதா?"

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எழுத வரல ஜாக்கு. வேலை இல்லன்னு சொல்லல. வேலை இருந்தாலும் வராதுன்னு தோணுது. ஒக்காந்தா உள்ள ஒண்ணுமே இல்ல."

எனக்குப் பயம் வந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனிதர் எத்தனையோ புலம்பியிருக்கிறார். கம்பெனிக்காரனைத் திட்டியிருக்கிறார், கரன்ட்டைத் திட்டியிருக்கிறார், என்னைத் திட்டியிருக்கிறார். தன்னிடம் ஒன்றுமில்லை என்று சொன்னதே இல்லை. நான் ஏதோ தமிழைக் காப்பாற்றக் கிளம்பினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதுகிற கலைவாணன் கலகலப்பான ஆள். ரசம் வைப்பார், பாட்டுப் பாடுவார், எதிர் வீட்டு நாயிடம்கூட மரியாதையாகப் பேசுவார். எழுதாத கலைவாணன் வோல்டேஜ் இல்லாத நேரத்து ஃபேன் மாதிரி. சுற்றுவார், காற்று வராது. லிஃப்ட்டைப் பார்க்கிற வேலைக்குப் போகட்டும், அதில் எனக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டு போகக் கூடாது.

அன்று சாப்பாடு போடும்போது என் வாயிலிருந்து தானாக வந்தது அது. யோசித்து வைத்ததெல்லாம் இல்லை.

"எங்க மேனேஜர் உன்னப் பத்தி விசாரிச்சாரு."

"என்னையா? இன்னாத்துக்கு?"

"ரூம்ல கெஸ்ட் படிக்கறதுக்கு எதனா வெக்கணுமாம். மெனு கார்டைத் தவிர படிக்க ஒண்ணும் இல்லன்னு குடும்பமா வரவங்க கேக்கறாங்களாம். இந்த ஊரு ஜனங்களப் பத்தி, தெனம் ஒரு பக்கம். உன் வூட்டுக்காரர் எழுதுவாரான்னு கேட்டாரு."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "டப்பு?"

"சீசன் முடிஞ்சப்புறம் மொத்தமா தருவாங்க."

வேறு தொழில் செய்பவராக இருந்தால் இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். எழுதுகிறவர்களுக்கு வராது. பணம் பிறகு என்று சொன்னால்தான் அவர்களுக்கு அது நிஜமான வேலை என்றே நம்பிக்கை பிறக்கும். கலைவாணனும் தலையாட்டிவிட்டு, "எவ்ளோ பெரிய பக்கம்னு கேட்டியா?" என்றார். மேஜை எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டது.

எங்கள் மேனேஜர் ரவிச்சந்திரன் சேலத்துக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் காலை டிபனுக்கு எத்தனை பேர் என்பதையும், இன்டர்நெட்டில் யார் எத்தனை ஸ்டார் போட்டார்கள் என்பதையும் தவிர வேறு எதையும் வாசித்து நான் பார்த்ததில்லை. அவர் தலையில்தான் இந்தப் பாரத்தை அவருக்கே தெரியாமல் ஏற்றி வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் என் போனுக்கு முதல் பக்கம் வந்தது. "சாருக்கு அனுப்பு" என்று கீழே குறிப்பு. பஸ்ஸில் வரும்போது படித்தேன். "எழில் கொஞ்சும் கடற்கரையில் அலைகள் தாலாட்ட, கற்கள் கவி பாடும் மாமல்லை" என்று ஆரம்பித்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நான் தினம் பார்க்கிற மாமல்லபுரத்தில் எந்தக் கல்லும் கவி பாடுவதில்லை. பூஞ்சேரி பக்கம் மெஷின் வைத்துக் கல் அறுக்கிற சத்தத்தில் பேச்சே கேட்காது.

நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் கலைவாணன் நம்பமாட்டார். வேலை கொடுப்பவர் யாரும் முதல் தடவையே நன்றாயிருக்கிறது என்று சொன்ன சரித்திரம் கிடையாது. அதனால் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றியபடியே சொன்னேன்.

"சார் படிச்சாரு. 'எழில் கொஞ்சும்' எல்லாம் வேணாமாம். நேர்ல பாத்தத எழுதச் சொன்னாரு."

கலைவாணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஹோட்டல் நடத்தற ஆளுக்கு எழுத்தப் பத்தி இன்னா தெரியும்? ரூம்ல சோப்பு இருக்கான்னு பாக்கச் சொல்லு!" என்று கத்தினார். அந்தக் கோடையில் அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். கேட்கவே சுகமாக இருந்தது. கத்தி முடித்துவிட்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் ஒரு பக்கம் வரும். திருப்போரூர் தாண்டி உட்கார இடம் கிடைத்ததும் படிப்பேன். எது பிடிக்கவில்லையோ அதை வீட்டுக்கு வந்து சார் வாயால் சொல்லுவேன். ஈ.சி.ஆரில் நுங்கு வெட்டி விற்பவரைப் பற்றி எழுதியிருந்தார். கடைசியில் உழைப்பே உயர்வு என்று ஒரு பத்தி. "சார் சொன்னாரு, கடைசி பத்தி இல்லாமலே நல்லா கீதாம். நாங்க இன்னா ஸ்கூல் பசங்களான்னு கேட்டாரு" என்றேன். முறைத்தார். ஆனால் வெட்டிவிட்டார்.

கடற்கரையில் மாங்காய் பத்தை போட்டு விற்கும் ஆராயியைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. ஆராயியை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஹோட்டல் வாசலில்தான் கூடையை இறக்கி வைப்பாள். வாயைத் திறந்தால் ஊரே ஒதுங்கும். இவர் எழுதியதில் அவள் கடலைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"சார் கேட்டாரு, அந்தம்மா எதுக்கு அழுவணும்? அது பாட்டுக்கு மாங்கா விக்கட்டும்னாரு."

அன்றைக்குக் கலைவாணன் கத்தவில்லை. மொட்டை மாடிக்குப் போய் நடந்துகொண்டேயிருந்தார். மறுநாள் வந்த பக்கத்தில் ஆராயி, உப்பு குறைச்சலாக இருக்கிறது என்று சொன்ன ஒரு கார்க்காரரோடு சண்டை போட்டாள். "உப்பு வேணும்னா கடல்ல போய் தோச்சுத் துன்னு" என்றாள். பஸ்ஸில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். இது அவர் எழுதியதுதானா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

கலைவாணன் பழையபடி ஆகிவிட்டார். காலையில் ஷேவ் செய்தார். கத்திரி வெயிலில் தலைக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு கோவளம், திருவிடந்தை என்று போய் ஆட்களிடம் பேசிவிட்டு வந்தார். ரசம் வைத்தார். எனக்கு நிம்மதிதான். ஆனால் கூடவே ஒரு எரிச்சலும் வளர்ந்தது. காரணம், சார்.

"உங்க சாரு லேசுப்பட்ட ஆளு இல்ல ஜாக்கு. எங்க பொய் சொல்றேனோ கரெக்டா அங்க கை வெக்கறாரு" என்பார் ரசத்தை ஊற்றிக்கொண்டே. "இப்பிடி ஒரு ஆளு முன்னாடியே கெடைச்சிருந்தா நான் எங்கியோ போயிருப்பேன்."

முன்னாடி நான் இதே வீட்டில்தான் இருந்தேன். எத்தனையோ தடவை இதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். "உனக்கு இன்னா தெரியும், வேலையப் பாரு" என்று பதில் வரும். இப்போது அதே வார்த்தை சாரிடமிருந்து வந்தால் தலைக்கு மேல் தூக்கிவைக்கிறார். நானே உண்டாக்கிய ஆள் மேல் எனக்கே பொறாமை வந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே, "சாருக்கு நேத்து எழுதினது சுத்தமா புடிக்கல" என்று சொல்லிவிட்டேன். பாவம், இரவு சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. காலையில் எழுந்ததும், "சார் மறுபடியும் படிச்சாராம், நல்லாதான் கீதாம்" என்று மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

என் கணக்கு சுலபமானது. மே முடியும்வரை இந்தச் சார் உயிரோடு இருக்கட்டும். அதற்குள் இவருக்குத் தெம்பு வந்துவிடும். அப்புறம் ஹோட்டலில் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிச் சாரைக் கழற்றிவிடலாம். இவர் தெம்போடு அண்ணன் வேலைக்குப் போவார், ராத்திரியோ லீவு நாளிலோ எழுதுவார். எல்லாம் சரியாக வரும் என்று நினைத்தேன்.

மே மாதம் முடிகிற தறுவாயில் ஒரு நாள் ரிசப்ஷனில் இருக்கும்போது தாவீது போன் செய்தான்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரன் இப்பிடி பேஜார் பண்றான்? வேலை வேணாம்னுட்டான்!"

"வேணாம்னாரா? எப்போ?"

"முந்தாநேத்தே சொல்ட்டான். இன்னாடான்னா, உங்க ஓட்டல் மேனேஜரு இருக்காராம், அந்த ஒரு ஆளு போதுமாம், இனிமே எழுத்துதானாம். யாரும்மா அந்த மேனேஜரு?"

"அண்ணா, அந்த வேலைய கொஞ்சம் புடிச்சு வையேன். நான் பேசறேன்" என்றேன்.

"எங்க புடிச்சு வெக்கறது? நேத்தே ஒருத்தன சேத்தாச்சு" என்று போனை வைத்துவிட்டான்.

கலைவாணன் தைரியமாக நிற்கட்டும் என்று நான் ஒரு ஊன்றுகோலைக் கொடுத்தேன். அவர் அதை நம்பி, இருந்த ஒரே வேலையைத் தள்ளிவிட்டார். ஊன்றுகோலே கிடையாது என்று இனி எப்படிச் சொல்வது? உண்மை தெரிந்தால் வேலை போனதைவிட இன்னொன்று நடக்கும் என்று எனக்குத் தெரியும். நன்றாக எழுதுகிறேன் என்று அவர் நம்பியதெல்லாம் மனைவி பரிதாபப்பட்டுச் செய்த நாடகம் என்று ஆகிவிடும். அப்புறம் அந்த மேஜைப் பக்கம் போகவே மாட்டார்.

பொய்யை நிஜமாக்கிப் பார்க்கலாம் என்று ரவிச்சந்திரன் சாரிடமே போனேன். ஆராயி, நுங்குக்காரர், இன்னும் சில பக்கங்களைப் பிரின்ட் எடுத்து அவர் மேஜையில் வைத்தேன்.

"சார், நம்ம ரூம்ல கெஸ்ட் படிக்கற மாதிரி இத வெச்சா நல்லா இருக்கும் சார்."

அவர் மேல் தாளைக்கூடப் புரட்டவில்லை. "ஜாக்குலின், மாடி ரூம்ல டிவி ரிமோட்டுக்கு பேட்டரி இல்லன்னு ஒருத்தர் ஒரே ஒரு ஸ்டார் போட்டிருக்காரு. மொதல்ல அதப் பாருங்க."

பேட்டரி வாங்கிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் செய்ய உட்கார்ந்தேன். கர்த்தாவே, இல்லாத ஒரு மேனேஜரை இருக்கிறவராக ஆக்கும் என்று எப்படிக் கேட்பது? கேட்காமலே எழுந்து வந்தேன். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வரும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்வேன். கதவைத் திறந்ததும் கலைவாணன் சிரித்த முகத்தோடு, "சார் இன்னா சொன்னாரு?" என்பார். நானும் சார் சொன்னதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை வந்தது. வார நாள் என்பதால் ஹோட்டலில் கூட்டமே இல்லை. உச்சி வெயில். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் கலைவாணன் வருகிறார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பை நிறைய மாம்பழம். ரிசப்ஷனை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

"நீ எங்க இங்க?"

"சாரப் பாக்கணும். உள்ள கீறாரா?"

"இல்ல. மீட்டிங்."

"பரவால்ல, வெய்ட் பண்றேன். மூஞ்சிக்கு நேரா ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் கதவைப் பார்த்து நடந்தார். நான் கையைப் பிடித்து, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் இருந்த பாதாம் மரத்தின் கீழே இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே போய் அந்த மனிதர் முன்னால் இவர் அசிங்கப்படுவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"கலை, சாருன்னு ஒருத்தரும் இல்ல."

"மீட்டிங்குன்ன?"

"மேனேஜர் கீறாரு. ஆனா அவருக்கு நீ யாருன்னே தெரியாது. எழுதச் சொன்னதும் அவரு இல்ல. படிச்சதும் அவரு இல்ல. எல்லாம் நான்தான்."

மாம்பழப் பையைக் கீழே வைத்தார்.

"'எழில் கொஞ்சும்' வேணாம்னது?"

"நான்தான்."

"நுங்குக்காரர்ல கடைசி பத்தி?"

"நான்தான்."

"ஆராயி அழுவக் கூடாதுன்னது?"

"அதுவும்தான். உள்ள ஒண்ணுமே இல்லன்னு சொன்னியே, எனக்குப் பயமாயிடுச்சு. அதான் சொன்னேன். நீ தாவீது வேலைய வுடுவன்னு எனக்குத் தெரியாது. நான் சத்தியமா நினைக்கல." எனக்கு அழுகை வந்துவிட்டது. "இப்போ உன்ன நடுத்தெருவுல கொண்டாந்து நிறுத்திட்டேன். அவர்கிட்ட போயி வேலை கேட்டுடாத. மூஞ்சிலடிச்ச மாதிரி பேசுவாரு."

"வேலை கேக்க வரல" என்றார் கலைவாணன்.

"அப்புறம்?"

"மன்னிப்பு கேக்க வந்தேன். இனிமே தெனம் ஒரு பக்கம் குடுக்க முடியாதுன்னு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார். சென்னையில் கதைகளைப் போனில் கேட்கிற மாதிரி குரலில் பதிவு செய்து தருகிற ஒரு கம்பெனி இருக்கிறது. பல வருஷமாக இவர் அவர்களுக்கு எதையாவது அனுப்புவார், அவர்களும் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்பார்கள். இந்த மாதம் ஆராயியையும் நுங்குக்காரரையும் அனுப்பியிருக்கிறார். பிடித்துப்போய்விட்டது. இந்தக் கடற்கரை மனிதர்களை வைத்தே ஒரு தொடர் கேட்டார்கள். அதை நம்பித்தான் தாவீதிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்து ஆகாமல் என்னிடம் சொல்லவேண்டாம் என்று இருந்திருக்கிறார். அன்று காலையில்தான் கையெழுத்தான பேப்பர் வந்ததாம்.

"அந்த ஒரு ஆளு போதும்னு தாவீதுகிட்ட சொன்னியாமே?"

"அவரு சொல்றத கேட்டா நான் நல்லா எழுதுவேன், அந்த ஒரு ஆளு போதும்னேன். நல்ல காரியம் நடந்திருக்கு, அவரு கையப் புடிச்சு சொல்லிட்டு வரணும்னு மாம்பழம் வாங்கியாந்தேன்."

என் மார்பிலிருந்து ஒரு அம்மிக்கல்லை யாரோ எடுத்து வைத்தது போல இருந்தது. வேலை இருக்கிறது. தெருவில் நிற்கவில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆனால் கலைவாணன் சிரிக்கவில்லை. பாதாம் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மாசமா என் மூஞ்சிய பாத்துப் பொய் சொல்லிகினு இருந்திருக்க" என்றார். "எனக்கு இப்போ கோவப்படறதா, சந்தோஷப்படறதான்னு தெரியல. நான் வூட்டுக்குப் போறேன்."

உள்ளே வந்து தண்ணீராவது குடித்துவிட்டுப் போ என்றேன். கேட்கவில்லை. வெயிலில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார். மாம்பழப் பை என் காலடியில் இருந்தது. அதைக் கொண்டுபோய் ரவிச்சந்திரன் சார் மேஜையில் வைத்தேன். எதற்கு என்று கேட்டார். சும்மாதான் சார், உங்களால் எங்களுக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது என்றேன். அவர் பேட்டரியைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

வேலை முடியும்வரை எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், ஆரம்பத்திலிருந்து நான் பயந்தது இந்த நாளைத்தான். கையில் நிஜமான வேலை வந்தும் என்ன? நம்பிய ஆள் பொய் என்று தெரிந்தபிறகு மனிதருக்கு எழுத வருமா? பஸ்ஸில் திருப்போரூர் வந்தது, கேளம்பாக்கம் வந்தது. படிக்க எனக்கு அன்று பக்கம் எதுவும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற கடைகளின் போர்டுகளையே படித்துக்கொண்டு வந்தேன்.

படியேறும்போதே காது கொடுத்துக் கேட்டேன். உள்ளே தட்டச்சுச் சத்தம். கதவைத் தள்ளினேன். கலைவாணன் இஸ்திரிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டேன்.

"கோவம் போச்சா?"

"திருப்போரூர் வரைக்கும் இருந்துச்சு" என்றார், திரும்பாமல். "அப்புறம் தொடரோட ஆரம்பம் எப்பிடி இருக்கணும்னு தோணிடுச்சு. வந்து ஒக்காந்துட்டேன். இந்தா, படி."

லேப்டாப்பைத் திருப்பி என் பக்கம் வைத்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். முதல் பத்தியில் மறுபடியும் அலைகள் தாலாட்டின. இரண்டாவது பத்தியில்தான் ஆள் வந்தார், அதற்கப்புறம் கதை பிய்த்துக்கொண்டு போனது. கலைவாணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், என் வாயில் தானாக வந்தது.

"சார் இதப் படிச்சா இன்னா சொல்லுவாருன்னா..."

"சார வுடு" என்றார் கலைவாணன். "நீ இன்னா சொல்ற?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத்தான் வாய் நீளம் என்று முதலிலேயே சொன்னேனே.

"மொத பத்தி வேணாம்" என்றேன்.

சார் சொல்லியிருந்தால் முறைத்துவிட்டு வெட்டியிருப்பார். என்னிடம் விளக்கு வைக்கும் நேரம்வரை சண்டை போட்டார். உனக்கு இலக்கணம் தெரியுமா என்றார், சூழல் என்றால் என்னவென்று தெரியுமா என்றார். நானும் விடவில்லை. அப்புறம் சமையலறைக்குப் போய் ரசத்துக்குப் புளியைக் கரைத்துவிட்டு வந்து பார்த்தேன். அலைகளைக் காணோம். கதை ஆராயியின் கூடையிலிருந்து ஆரம்பித்திருந்தது.